மூன்றாம் பாத்தி வரப்பு

மார்ச் 2, ஞாயிறு

ஐந்தரைக்கு ஞானமுத்துவின் ஆட்டோ வந்தது. ஆறு மணிக்கு உப்பளத்தில் இருந்தேன். ஒன்பது வரை கொசு உள்ளான்கள். குருவி அளவே உள்ள கரைப்பறவைகள், ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காதவை. இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

மாலை கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பின்னால் இருக்கும் சேறு அவ்வளவு தெளிவு, நண்டு வளை வரை தெரிகிறது. முன்னால் நிற்கும் பறவைதான் கலங்கல். லென்ஸில் கோளாறு. சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

லாரன்ஸ் இருந்தால், "எமிலி, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் போனால் போகட்டும்" என்று சொல்லியிருப்பார். அவர் போய் நான்கு வருடமாக இந்த வீட்டில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். ஏழு மணிப் பூசை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டே கூரியர் கடைக்குப் போனேன். லென்ஸை அங்கிருந்த பெண் ஒரு துணிப்பை போலத் தூக்கினாள். இரண்டு கையால் பிடிக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள்.

முன்வாசல் கம்பிக்கதவின் நடுக்கம்பி வளைந்திருக்கிறது. யார் இடித்தார்கள் என்று தெரியவில்லை. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

லென்ஸ் இல்லாததால் பைனாகுலருடன் போனேன். வெளிச்சம் சரியில்லை. நேராகப் பார்த்தால் பறவை தெரியவில்லை. சற்றே தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. கடல்பனி.

மூன்றாம் பாத்தி வரப்பை இந்த வருடம் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள். நட்டநடுவில் வளைகிறது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மை தொட்டுப் போட்ட கோட்டைத் திரும்பப் போட்டதில்லை. கோணலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. அங்கே உப்பு வாரும் முத்துப்பேச்சியிடம் சொன்னேன்.

"எம்மா, நூலு புடிச்சுல்லா கட்டுனது! வளைஞ்சிருக்கா? எங்கன?"

"நடுவுல. உனக்குத் தெரியலையா?"

அவள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு வரப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுதுன்னா இருக்கும்" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

லென்ஸ் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: பழுது ஏதும் இல்லை. சோதித்துப் பார்க்கும் லட்சணம் இதுதான்.

மார்ச் 30, ஞாயிறு

கழிமுகப் பறவை வட்டத்தின் கூட்டம். பதினொரு பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். எங்கள் வட்டத்தில் யார் படம் எடுத்தாலும் நான் பார்த்து, பறவையின் பெயர் சரி என்று சொன்ன பிறகுதான் பட்டியலில் ஏறும். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நான் சரியாகச் செய்கிறேன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்தது.

இன்று என் படத்தையே ஒருவர் திருத்தினார். வின்ஸ்டன் ஜெபசிங், வங்கி அதிகாரி. பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். போன வருடம் கூட்டுக்கு மிக அருகில் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. இத மணல் உப்புக்கொத்தின்னு போட்டிருக்கீங்க. பின்கழுத்துல வெள்ளை வளையம் இருக்கே? நம்ம ஊர்லயே குஞ்சு பொரிக்குமே, அந்த உப்புக்கொத்திதானே இது?"

ஏழு பேரும் திரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவசரத்தில் எழுதிவிட்டேன் என்றேன்.

"இருக்கட்டும் ஆன்ட்டி, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்.

எல்லாருக்கும் வரும். எனக்கு வந்ததில்லை.

மார்ச் 31, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. படம் எதையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொசு உள்ளான்கள் பாதிக்கு மேல் வடக்கே கிளம்பிவிட்டன. இனி இங்கேயே தங்கும் உப்புக்கொத்திகள்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. வெறும் வரப்பில் ஒரு சிறு பள்ளம் பறித்து, கிளிஞ்சல் துண்டு நாலைப் போட்டு, அதில் முட்டையிடும். மண்ணும் முட்டையும் ஒரே நிறம். இடம் தெரியாதவர் கண்ணுக்கு அகப்படாது.

அதனால் இந்த அளத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உப்பு சுமக்கும்போது முட்டையைக் கண்டவள், தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கம்பில் கட்டி, முட்டைக்கு ஒரு சாண் தள்ளி நடுவாள். குஞ்சு பொரித்து ஓடும் வரை மற்ற பெண்கள் தலையில் சுமையோடு அந்த இடத்தைச் சுற்றித்தான் நடப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கம்பை நட்டவள்தான் பிடுங்கவேண்டும்.

முத்துப்பேச்சி இன்று மூன்றாம் பாத்தி வரப்பில் ஒன்று நட்டிருந்தாள். சிவப்புத் துணி. "மூணு முட்ட. அந்தா பாருங்க" என்று விரல் நீட்டினாள். வெகுநேரம் பார்த்தேன்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று நல்ல வெளிச்சம். ஆறே காலுக்கு மூன்றாம் பாத்தி. ஞானமுத்து வழக்கம்போல, "எங்க மொட்டமாடில காக்கா கூட்டமா வந்து போஸ் குடுக்கு, நீங்க என்னடான்னா பெட்ரோல் செலவழிச்சு இங்கன வாரீய" என்றார். ஆட்டோவிலேயே தூங்கச் சொன்னேன்.

தாய்ப்பறவை முட்டையைவிட்டு எழுந்து, இறக்கை ஒடிந்தது போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஆளைக் கூட்டிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக அது போடும் வேஷம் அது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் படம் எனக்குச் சரியாக வாய்த்ததில்லை. அது திரும்பத் திரும்ப அந்தக் கம்பின் முன்னால் வந்தது. எல்லாப் படத்திலும் சிவப்புத் துணி விழுந்துவிடும். கம்பைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்து வைத்தேன். பிறகு இருந்த இடத்திலேயே நட்டுவிட்டேன்.

நான் கிளம்பும்போது ஜெபசிங் வந்துகொண்டிருந்தார். வணக்கம் சொன்னார். மூன்றாம் பாத்திப் பக்கம் போனார்.

வீட்டில் கான்வாஸ் ஷூவைக் கழுவினேன். வலது ஷூவின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. உப்புச் சேறு சில இடங்களில் மஞ்சளாக இருக்கும். இரண்டு தடவை கழுவினேன். பிறகு ஒரு தடவை சோப்புப் போட்டு.

படங்களில் வரப்பு இருக்கிறது, வானம் இருக்கிறது. பறவை இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. தலைவலி.

ஏப்ரல் 14, திங்கள்

காலை எட்டு மணிக்கு முத்துப்பேச்சி போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்வது இரண்டாவது தடவை. முதல் தடவை லாரன்ஸ் இறந்தபோது.

"முட்ட மூணும் மிதிபட்டுப் போச்சும்மா. கம்பு எங்கயோ தள்ளி நிக்கு. சனிக்கிழம காலையிலயே போச்சு."

"அய்யோ" என்றேன்.

"யாருன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அளத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அங்கே கடைசியாக வந்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். கூட்டுக்கு அருகில் போகும் பழக்கம் யாருக்கு உண்டு என்பதும் தெரியும். இன்று இரவு வட்டத்தின் வாட்ஸப் குழுவில் போட்டதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"ஏப்ரல் 12 காலை, மூன்றாம் பாத்தி வரப்பில் உப்புக்கொத்திக் கூட்டின் அடையாளக் கம்பைப் படத்துக்காகப் பிடுங்கி, கவனக்குறைவால் மூன்று முட்டைகளையும் மிதித்து அழித்தவர் திரு. வின்ஸ்டன் ஜெபசிங். இப்படிப்பட்டவர் கையில் கேமரா இருக்கத் தகாது."

பிழை இல்லை. நான்கு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜெபசிங் ஒரே ஒரு பதில் போட்டார்: "நான் போனபோதே கம்பு அந்த இடத்தில் இல்லை ஆன்ட்டி." வேறு யாரும் அவர் பக்கம் பேசவில்லை. ஐந்து பேர் எனக்கு நன்றி தெரிவித்திருக்கிறார்கள். அவரை நீக்குவது பற்றி ஜூன் ஒன்றாம் தேதிக் கூட்டத்தில் முடிவு. அதுவரை அளத்துப் பக்கம் வரவேண்டாம் என்று தலைவர் அவரிடம் சொல்லிவிட்டாராம்.

ஏப்ரல் 16, புதன்

மாலை கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர். நான்கு பேர் முடித்த பிறகு, அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் வைத்திருக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சாமியார் தரும் நன்மை அப்பத்தை எடுக்கவில்லை. முன் வரிசையில் இருந்துகொண்டு எழுந்து போகாமல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெயில். வெளியே போகவில்லை. பழைய படங்களை அடுக்கினேன். 2009இல் எடுத்த ஒரு கொசு உள்ளான். கண்ணில் வானம் தெரிகிறது. இறகு ஒவ்வொன்றும் எண்ணலாம் என்று எனக்குத் தெரியும். திரையில் இன்று எண்ண முடியவில்லை. கணினியும் பழசாகிவிட்டது.

மே 8, வியாழன்

நேற்று பால் பாத்திரத்தை மேசைக்கு வெளியே வைத்துவிட்டேன். மேசை அங்கே இல்லை. ஞானமுத்துவிடம் கண் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் பாட்டை நிறுத்தியே வைத்திருந்தார்.

டாக்டர் சின்னப் பெண். ஒரு அட்டையைக் கொடுத்தார். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. "ஒரு கண்ணை மூடிட்டு, நடுப்புள்ளியப் பாருங்கம்மா. கோடெல்லாம் நேரா இருக்கா?"

"யார் வரைந்தது இது?" என்று கேட்டேன்.

"பிரிண்ட் பண்ணதும்மா. ஏன்?"

நடுவில் கோடுகள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வளைந்திருந்தன. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் போல ஒன்று. மற்ற கண்ணால் பார்த்தால் அட்டையின் நடுவே ஒன்றுமே இல்லை.

இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம். வலது கண் போய்க்கொண்டிருக்கிறதாம். கண்ணுக்குள் ஊசி போட்டால் அங்கேயே நிறுத்திவைக்கப் பார்க்கலாம், போனது வராது. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு வருடம் இருக்கலாம் என்றேன். "ஓரத்துல பார்த்துப் பார்த்தே சமாளிச்சிருக்கீங்க. பார்க்கணும்னு நினைக்கிற இடம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியாது" என்றார். இனிமையாகத்தான் சொன்னார்.

மூன்றாம் பாத்தி வரப்பு நேராகத்தான் இருக்கிறது.

மே 9, வெள்ளி

லென்ஸும் நேராகத்தான் இருக்கிறது.

மே 13, செவ்வாய்

முதல் ஊசி. கண்ணில் கட்டு. எழுத முடியவில்லை.

மே 18, ஞாயிறு

கேமரா இல்லாமல் அளத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியும், ஆனால் ஞானமுத்துவிடம் காற்று வாங்க என்று சொன்னேன். "உப்பளத்துல என்ன காத்து, அனலுல்லா அடிக்கி" என்றார்.

முத்துப்பேச்சி கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சினிமாக்காரி மாரி வந்திருக்கீய" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.

"முத்துப்பேச்சி, அன்னிக்கி நீ எங்க நின்னே?"

"நாலாம் பாத்தில."

"என்ன பாத்தே?"

"சொல்லணுமா?"

"சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கம்ப கையில வச்சிக்கிட்டு நட எடம் தெரியாம மூணு சுத்து சுத்துனீய. கால வச்சு வச்சுத் தடவுனீய. அந்தக் குருவி உங்க கால சுத்தி சுத்திக் கத்துது, உங்களுக்குக் கேக்கவே இல்ல. நான் 'எம்மா, நில்லுங்க'ன்னு கத்துறதுக்குள்ள..."

"நான் மிதிச்சேன்."

"மிதிச்சீய. குனிஞ்சுகூடப் பாக்கல. கம்ப எங்கனயோ குத்திட்டுப் போயிட்டீய."

"அப்பவே ஏன் சொல்லல?"

"போன் பண்ணேன்லா? யாருன்னு தெரியுமான்னு கேட்டேன்லா? நீங்களே சொல்லுவீயன்னு பாத்தேன்." அவள் குரல் உயர்ந்தது. "கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொன்னா என்னம்மா? எங்க மாமியாளுக்கும்தான் தெரியல. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். யாரும் கொறவா நெனைக்கல. அந்த பேங்க் சார்வாள் ஒரு நா அளத்து வாசல்ல பைக்க நிறுத்திக்கிட்டு உள்ள வராம நின்னாரு. தூரத்துல இருந்தே பாத்துட்டுப் போயிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்தேன்.

உண்மையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அன்று கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது முட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் தேதியும் தெரிந்திருக்கவில்லை. காலடியில் ஏதோ நொறுங்கியது எனக்குத் தெரிந்தது. கிளிஞ்சல் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்று தடவை ஷூவைக் கழுவிய கைதான், இரண்டு நாள் கழித்து ஜெபசிங்கின் பெயரை எழுதியது.

மே 22, வியாழன்

எழுத்து பெரிதாகப் போகிறது. ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. கோட்டுக்கு மேல் நிற்கிறதா என்று தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

ஜூன் ஒன்றாம் தேதிக் கூட்டத்தில் அவரை நீக்குவதற்கு ஏழு பேர் சம்மதம் என்று தலைவர் போனில் சொன்னார். "நீங்க சொன்னா போதும் எமிலியானாம்மா, அதுக்கு மேல சாட்சி என்னத்துக்கு?" என்றார்.

எத்தனையோ வருடம் அந்த வார்த்தைக்காகத்தான் உழைத்தேன்.

மே 30, வெள்ளி

இரண்டு நாளாக எழுந்து குளித்து உடை மாற்றி, மறுபடி படுத்துக்கொண்டேன். இன்று மாலை போய்விட்டேன். ஞானமுத்து கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிவிட்டார். நான் விலக்கவில்லை.

கதவைத் திறந்தது ஜெபசிங்கின் மனைவி. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, விலகி நின்றார். ஜெபசிங் எழுந்து நின்றார். முகம் எனக்குத் தெரியவில்லை. நேராகப் பார்த்தால் யார் முகமும் இனித் தெரியாது.

"உட்காருங்க ஆன்ட்டி."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன். கம்பப் பிடுங்குனது நான். முட்டைய மிதிச்சதும் நான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு."

சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அதுவும் எழுதப்படட்டும்.

"ஏழு வாரம் ஆன்ட்டி" என்றார். "நீங்க போட்டத யாரோ பேங்க் வரைக்கும் அனுப்பிட்டாங்க. அங்க என்னைய எப்படிக் கூப்பிடுறாங்க தெரியுமா? 'முட்ட சார்'. கேஷ் கவுண்டர்ல நிக்கிற கஸ்டமர் வரைக்கும் சிரிக்கான். இவ அக்கா வீட்டு விருந்துல, ஆம்லெட் போடவான்னு கேக்காங்க. நான் சாமி மேல சத்தியம் பண்ணியும் இவளே ஒரு நாள் கேட்டா, நெசமா நீங்க மிதிக்கலையான்னு."

"அதச் சொல்லாதீங்க" என்றார் அவர் மனைவி.

"சொல்லுவேன். நீங்க எழுதுனா தப்பே இருக்காதுன்னு ஊரே நம்புது ஆன்ட்டி. நானே என் ஷூவ எடுத்துப் பாத்தேன், தெரியாம மிதிச்சிட்டேனோன்னு."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

போனை எடுத்தேன். குழுவில் ஏப்ரல் 14 அன்று எழுதியதை அப்படியே எழுதப் போகிறேன் என்றேன். விசைப்பலகையில் எழுத்துகள் தெரியவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் ஒவ்வொன்றாகத் தேடினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் அவர் மனைவி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, என் கையைத் தொட்டு அதில் வைத்தார். அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போனை ஜெபசிங்கிடம் நீட்டினேன். "பிழை இருக்கான்னு பாருங்க. எனக்குத் தெரியாது."

அவர் சத்தமாகவே படித்தார். "ஏப்ரல் 12 காலை, மூன்றாம் பாத்தி வரப்பில் உப்புக்கொத்திக் கூட்டின் அடையாளக் கம்பைப் படத்துக்காகப் பிடுங்கி, கவனக்குறைவால் மூன்று முட்டைகளையும் மிதித்து அழித்தவர் திருமதி எமிலியானா லாரன்ஸ் மச்சாடோ. திரு. வின்ஸ்டன் ஜெபசிங் மேல் நான் எழுதியது பொய். இப்படிப்பட்டவர் கையில்..." அங்கே நிறுத்திவிட்டார்.

"படிங்க."

"கண்ணு விஷயத்த ஒரு வரி போடுங்க ஆன்ட்டி. கவனக்குறைவுன்னு இருக்கு. அது கவனக்குறைவு இல்லையே."

"உங்களுக்கு அப்படித்தான் எழுதினேன்."

"அந்தக் கடைசி வரிய வேணும்னா..."

"அதுவும் உங்களுக்கு எழுதினதுதான்."

அவர் மறுபடி ஒரு தடவை மனத்துக்குள் படித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். நான் மற்றவர்களின் படங்களை அப்படித்தான் பார்ப்பேன்.

"பிழை இல்ல" என்றார். போனை என் கையில் திருப்பி வைத்தார். "அனுப்புறத நீங்கதான் அனுப்பணும். வலது பக்கம், கீழ் ஓரம். பச்சையா ஒரு வட்டம் இருக்கும்."

பச்சை தெரிந்தது. அழுத்தினேன்.

"போயிருச்சா?" என்று கேட்டேன்.

மேசைமேல் இருந்த அவருடைய போன் ஒரு தடவை ஒலித்தது.